கொழும்புக் காசில் கட்டிய வீடு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் பெய்த மழையை எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்கப்போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் ஊர் அங்கிருந்து வெகு மேற்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. அந்த அளவுக்கு அங்கே இல்லை. ஆனால் இரண்டு நாள் விடாமல் நனைந்த மண்சுவர் எத்தனை நேரம் தாங்கும்? மூன்றாம் நாள்தான் பக்கத்து வளவு ஆச்சிக்கு லைன் கிடைத்தது. "எய்யா, ஒங்க தொழுவத்துச் செவரு இடிஞ்சு இருந்துட்டு. வீட்டுக்கு ஒண்ணுமில்ல. நீ பதறாத" என்றார்.

நான் பதறவில்லை. அப்போது எனக்கு வேலை இருந்தது. சித்திரையில் லீவு போட்டுப் போய்க் கொத்தனாரைப் பார்த்துக்கொள்ளலாம், முப்பதாயிரம் ஆகுமா, ஆகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 29, வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னை ஒரு மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரை எனக்கு ஏழு வருடமாகத் தெரியும். அவர் கடைசிவரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருட வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பல வருடமாக அந்த நேரத்து வெயிலை நான் பார்த்ததே இல்லை என்பது மட்டும் மனதில் நின்றது. எனக்கு அப்போது 43 வயது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி நிறைய எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்த நிலையில் இருக்கிற யாராவது இதைப் படிக்கலாம் என்பதால் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை, நீங்களே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போதைய விதிப்படி கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டியிருந்தது. என்னுடைய அடிப்படைச் சம்பளம் 52,000. பதினோரு வருடத்துக்கு 3,30,000 ரூபாய் வந்தது. அடுத்தது பிஎஃப். ஒரு மாதம் வேலையில்லாமல் இருந்தால் 75 சதவீதம் எடுக்கலாம், இரண்டு மாதம் தாண்டினால் மீதியையும் எடுக்கலாம் என்று அப்போது விதி இருந்தது. நான் அதைத் தொடவில்லை. மூன்றாவதாக, ஆபீஸ் கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு சேர்ந்து போய்விடும். கடைசி நாளுக்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளக் கேட்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் மனைவிக்குத் தைராய்டு உண்டு. புதிதாக எடுத்த பாலிசியில் அதற்குக் காத்திருப்புக் காலம் போட்டுவிட்டார்கள். இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

மார்ச்சில் பங்குனி உத்திரம் வந்தது. எங்கள் பக்கத்தில் யார் எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட வேண்டும். நான் மட்டும் நெல்லை எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, அங்கிருந்து செங்கோட்டை வண்டியைப் பிடித்துப் போனேன். கோயிலில் பொங்கல் இறக்கி, சாமி கும்பிட்டுவிட்டு, மத்தியானம் வீட்டைத் திறந்தேன்.

அப்பா 2020-இல் போனதிலிருந்து வீடு பூட்டித்தான் கிடக்கிறது. அம்மா அதற்கு ஐந்து வருடம் முன்பே போய்விட்டார். சாவி ஆச்சியிடம் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் திறந்து, வீட்டின் முன்பக்கத் தார்சாவை மட்டும் பெருக்கி, ஒரு விளக்கேற்றி வைத்துவிட்டுப் பூட்டுவார். அப்படிச் செய்யச் சொல்லி அவரிடம் யாரும் சொன்னதில்லை. அன்றைக்குக் கதவைத் தள்ளியதும் உள்ளிருந்து ஒரு குளிர்ச்சி வந்தது. பழைய நெல், வௌவால் எச்சம், செம்மண் தரை எல்லாம் கலந்த வாசனை. நடுக்கூடமான பட்டாசலில் ஓட்டின் இடுக்கு வழியாக ஒரு காசளவு வெயில் தரையில் விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்தேன். பிப்ரவரி 29-க்குப் பிறகு முதல்முறையாக அசந்து தூங்கினேன். எழுந்தபோது மணி ஐந்து. வெயில் காசு சுவரில் ஏறியிருந்தது.

இங்கேயே வந்துவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

தோன்றியதை வெளியே சொன்னதும், கேட்டவர்கள் எல்லோரும் சொல்லி வைத்ததுபோல் ஒரே பெயரைச் சொன்னார்கள். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ சாப்ட்வேர் கம்பெனி இருக்கிறதே, அதை ஆரம்பித்த ஸ்ரீதர் வேம்பு கிராமத்தில் உட்கார்ந்துதானே இத்தனையும் பார்க்கிறார், உனக்கென்ன? மத்தளம்பாறையைப் பற்றி எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டிலிருந்து போய்வருகிற தூரத்தில் வேலை கிடைத்தது அதனால்தான். ஆனால் அவர் கிராமத்துக்குப் போனபோது கம்பெனியும் கூடவே போனது. நான் போனால் என்னோடு வருவது ஒரு சூட்கேஸும் வீட்டுக் கடனும்தான். இந்த வித்தியாசத்தை யோசிக்காமல் யாரும் யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது.

வீட்டுக்கு வந்து நானும் மனைவியும் ஒரு நோட்டில் கணக்கெழுத உட்கார்ந்தோம். மேடவாக்கத்து ஃபிளாட்டுக்கு மாதத் தவணை 34,000. அதோடு மெயின்டனன்ஸ், மகளின் பள்ளிக் கட்டணம், மளிகை, பால், கரண்ட், பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் மாதம் 77,200 ஆனது. ஊரில் என்றால் ஃபிளாட்டை 17,000-க்கு வாடகைக்கு விட்டுத் தவணையில் பாதியைச் சமாளிக்கலாம். மளிகை குறையும். பள்ளிக் கட்டணம் பாதியாகும். வீட்டு மராமத்துக்கென்று மாதம் 4,000 ஒதுக்கினாலும் 48,700-இல் முடிந்துவிடும். 28,500 ரூபாய் மிச்சம்! அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு லேசானது. மனைவி பேனாவை என் கையிலிருந்து வாங்கி, அதற்குக் கீழே 22,000 என்று எழுதி ஒரு கழித்தல் குறி போட்டாள். அது அவளுடைய சம்பளம். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். ஊருக்குப் போனால் அது போய்விடும்.

மிச்சம் 6,500. அந்த ஆறாயிரத்து ஐந்நூறுக்காகத்தான் ஊர் மாறுகிறோமா என்று அவள் கேட்கவில்லை. நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு தோசை ஊற்றப் போனாள்.

இருந்தாலும் வீட்டில் இருந்து பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறவனுக்கு ஊர் எப்போதும் நன்றாகத்தான் தெரியும். அதனால் மே மாதம் முழுக்க அங்கே இருப்பது என்று முடிவு செய்தேன். முதல் பதினைந்து நாள் நான் தனியாக. பிறகு பள்ளி விடுமுறையில் அவர்களும் வருவார்கள்.

போன இரண்டாம் நாளே டீக்கடையில் அந்தக் கேள்வி வந்தது. "எப்பம் லீவு முடியுது?" கேட்டவர் அப்பாவிடம் படித்தவர், என்னைவிட மூத்தவர், அக்கறையாகத்தான் கேட்டார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன். அதைக் காப்பாற்றத் தினமும் காலை ஒன்பது மணிக்கு மேல் வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். சென்னையில் ஃபிளாட்டில் எதிர் வீட்டுக்காரருக்கு என் வேலை போனது மூன்று மாதமாகத் தெரியாது. ஊரில் நான் எத்தனை மணிக்கு எழுந்தேன் என்பது வாய்க்கால் படித்துறை வரைக்கும் தெரிந்திருந்தது. அது ஊரின் குறை என்று நான் சொல்லமாட்டேன். ஆச்சி வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும், மழையில் சுவர் விழுந்ததும் எனக்குப் போன் வந்ததும் அதே கண்கள் இருப்பதால்தான். ஆனால் அந்தக் கண்களுக்கு முன்னால் வேலை இல்லாதவனாக நடக்க அப்போது எனக்குத் தெம்பில்லை.

மே நடுவில் கோடை மழை பிடித்துக்கொண்டது. பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையனை அடித்துக்கொண்டு போன வாரம் அது. அன்று ராத்திரி பட்டாசலில் ஏழு இடத்தில் ஒழுகியது. அண்டா, குத்துப்போணி, செம்புச் சட்டி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வைத்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம். மச்சில் இருந்த அப்பாவின் தகரப் பெட்டி நனைந்துவிடும் என்று அதைக் கீழே இறக்கினேன். தூக்கம் போய்விட்டதால் திறந்து பார்த்தேன்.

மேலே ஒரு கம்பியில் குத்திய ரசீதுகள் இருந்தன. அப்பா எந்த ரசீதையும் கிழித்துப் போட்டதில்லை. வீட்டு வரி, கரண்ட் பில், ஓடு வாங்கியது, சுண்ணாம்பு வாங்கியது. 1978-இல் ஓடு மாற்றிய கூலி 85 ரூபாய் என்று ஒரு துண்டுச் சீட்டு. அப்பா அம்பாசமுத்திரத்தில் வாத்தியார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓடு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெள்ளை, நடுவில் கரையானுக்கு மருந்து. அவருடைய சம்பளத்தில் இந்த வீடு எவ்வளவு தின்றிருக்கிறது என்பதை அந்தக் கம்பி காட்டியது. இதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கம்பிக்கு அடியில் ஒரு நீள நோட்டு. சிவப்புத் துணி அட்டை. முதல் பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்தில் 'வீட்டுக் கணக்கு 1954' என்று இருந்தது. எங்கள் நிலைப்படிக்கு மேலே சுண்ணாம்பில் புடைத்திருப்பதும் அதே 1954-தான். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. செலவுப் பக்கத்தில் செங்கல், கூரைக்குப் பனங்கை, மங்களூர் ஓடு, ஆசாரி கூலி, கொத்தன் கூலி என்று வரி வரியாக ஓடியது. வரவுப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது.

கொழும்பு வரவு ரூ. 200.
கொழும்பு வரவு ரூ. 150.
கொழும்பு வரவு ரூ. 200.

தாத்தா கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர் என்று தெரியும். திருநெல்வேலிச் சீமையில் பாதி ஊர்களில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் கொழும்பில் இருப்பார். தூத்துக்குடியில் கப்பலேறியோ, ரயிலும் கப்பலும் சேர்ந்த போட் மெயில் வழியில் தனுஷ்கோடி போய்க் கடல் தாண்டியோ போனார்கள். ஆனால் அந்த நோட்டைப் பார்க்கிறவரை நான் யோசித்ததில்லை: இந்த வீடு கட்டப்பட்டபோது தாத்தா இந்த வீட்டில் இல்லை. ஒவ்வொரு செங்கல்லையும் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அனுப்பியிருக்கிறார்.

பொழுது விடியும்வரை பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அதில் ஊரிலிருந்து வந்த வரவு என்று ஒரு வரிகூட இல்லை. வயல் இருந்தது, மாடு இருந்தது, அதெல்லாம் சாப்பாட்டுக்குச் சரியாகப் போயிருக்கும். வீடு எழுந்ததும் நின்றதும் வெளியே இருந்து வந்த சம்பளத்தில்தான். தாத்தாவுக்குக் கொழும்புச் சம்பளம், அப்பாவுக்கு வாத்தியார் சம்பளம், 2008-இலிருந்து நான் மாதாமாதம் அனுப்பிய பணம். வேலை போனால் போய் ஒண்டிக்கொள்ளத் தாத்தா கட்டிய இடம் என்று நான் இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீடோ எழுபது வருடமாக எங்களில் ஒருவருடைய சம்பளத்தை எதிர்பார்த்தே இருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் ஆச்சி நீத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நோட்டைக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒங்க தாத்தா எழுத்தா?" என்றார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். வேலை போய்விட்டது ஆச்சி, மூணு மாசமாச்சு.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அங்கணத்தில் கிடந்த சட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். பிறகு வந்து உட்கார்ந்து சொன்னார். "நான் கல்யாணம் ஆயி இந்த வளவுக்கு வந்த வருசம். அறுவத்தி மூணு. ஒங்க தாத்தா கொழும்பு வேலையெல்லாம் முடிஞ்சி வந்துட்டாரு. மூணு மாசம் இந்தத் தார்சாவ விட்டுக் கீழ இறங்கல பாத்துக்கோ. யாரு வந்தாலும் உள்ள போயிருவாரு. ஒங்க ஆச்சி ஒண்ணும் சொல்ல மாட்டா. பெறவு ஒருநா காலையில சட்டயப் போட்டுக்கிட்டு ரைஸ் மில்லுல கணக்கெழுதப் போனாரு. கொழும்புல வாங்குனதுல கால்வாசி கூடக் கெடயாது. அந்தச் சம்பளத்துலதான் மறு வருசம் இந்த ஓட்ட மாத்துனாரு."

இதை எனக்கு வீட்டில் யாரும் சொன்னதில்லை. அப்பாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். அவருக்குத் தெரிந்திருக்கும். சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடைக்குப் போய், அண்ணாச்சியிடம் நானாகவே சொன்னேன். "வேல இல்ல அண்ணாச்சி. தேடிக்கிட்டிருக்கேன்." அவர் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். மறுநாளிலிருந்து யாரும் லீவைப் பற்றிக் கேட்கவில்லை.

மனைவியும் மகளும் வந்த பிறகு வீடு வேறு மாதிரி ஆனது. மகளுக்கு வாய்க்காலில் குளிப்பது பிடித்திருந்தது. ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு புறவாசல் தாண்டிக் கக்கூசுக்குப் போவது பிடிக்கவில்லை. இரண்டு முறை மட்டுமே போய்விட்டு, பிறகு சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள் என்பது எனக்கு நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பிறந்த நாளிலிருந்து அந்தப் புறவாசலைப் பார்த்தவன் நான். அம்மாவும் ஆச்சியும் அப்படித்தானே அத்தனை வருடம் இருந்திருப்பார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அதற்காக வெட்கப்பட்டேன்.

ஒரு மத்தியானம் மனைவி சொன்னாள். "ஏங்க, வேலை போனது உங்களுக்கு. எனக்கு இருக்கு. இந்த வருஷம் எனக்கு டென்த் கிளாஸ் குடுத்திருக்காங்க. பன்னெண்டு வருஷமா கேட்டு இப்பதான் குடுத்தாங்க. நீங்க இல்லாத ஒரு வேலையிலேர்ந்து இங்க வரீங்க. நான் இருக்கிற வேலைய விட்டுட்டு வரணும்." குரலை உயர்த்தாமல், முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். என் கணக்கு நோட்டில் அவளுடைய வேலை 22,000 என்ற எண்ணாக மட்டும் இருந்தது. டென்த் கிளாஸ் அதில் எங்கேயும் இல்லை.

வயல் கணக்கையும் பார்த்துவிடலாம் என்று, குத்தகைக்குப் பார்க்கிற மாமாவோடு வரப்பில் நடந்தேன். எட்டு மரக்கால் விதைப்பாடு, ஏறக்குறைய 60 சென்ட். கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். அம்பை 16 நெல் போட்டு எல்லாம் கூடி வந்தால் ஒரு பூவுக்குப் பதினைந்து குவிண்டால் கிடைக்கலாம். கொள்முதல் நிலையத்தில் அந்த வருடம் சன்ன ரகத்துக்கே 2,310 ரூபாய்தான் விலை. அந்த விலையைப் போட்டாலும் 34,650. உழவு, நடவு, உரம், அறுவடை மிஷின் போக மிஞ்சுவது பன்னிரண்டாயிரம் என்று மாமா கணக்குச் சொன்னார். அதுவும் பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால். 143 அடி அணை கோடையில் இறங்கிக் கிடந்து, தென்மேற்குப் பருவமழையும் பிந்தினால் ஜூனில் காருக்குத் தண்ணீர் திறக்கமாட்டார்கள். அப்போது ஒரு பூதான். "நீரு வந்து பயிர் வைக்கேன்னா நான் இன்னைக்கே விட்டுத் தந்துருவேன் மருமவனே. ஆனா இத நம்பி வராதேரும்" என்றார். அந்த வயலை இருபது வருடமாகப் பார்க்கிற மனிதர், அதை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்துகொண்டே சொன்ன வார்த்தை அது.

வீட்டில் அக்காவுக்கும் சரிபாதி உண்டு. அப்பா உயில் எழுதவில்லை. எழுதாமல் போனால் மகளும் மகனும் சமம் என்பது 1956-ஆம் வருடத்துச் சட்டத்திலிருந்தே இருப்பது. ஆனாலும் சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்று சொல்லி அக்கா தங்கைகளைக் கையெழுத்துப் போட வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இன்றும் நடக்கிறது. அது தவறு என்பதே என் கருத்து. அதனால் முடிவெடுக்கும் முன் தூத்துக்குடிக்குப் போனேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்.

"தம்பி, நீ அங்க போயி இருந்தா எனக்குச் சந்தோசந்தான். பங்க நான் கேக்கப் போறதில்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. வேல இருந்தப்பம் இந்த ஆச வந்துச்சா ஒனக்கு?"

நான் யோசித்துப் பார்த்தேன். அப்பா அங்கே தனியாக இருந்த ஐந்து வருடத்தில் வந்திருக்கலாம். வரவில்லை. சுவர் இடிந்த அன்று வந்திருக்கலாம். அன்றும் சித்திரைக்குத் தள்ளி வைத்தேன்.

"வரல அக்கா."

"அப்பம் கொஞ்சம் பொறு. வேல கெடச்ச பெறவும் இந்த ஆச இருந்துச்சுன்னா போ. நானே வந்து பால் காய்ச்சித் தாரேன்."

திரும்பி வருகிற பஸ்ஸில் வல்லநாடு தாண்டும்போதே எனக்குத் தெளிந்துவிட்டது. ஊருக்குப் போக வேண்டும் என்ற எண்ணமும் அந்த மீட்டிங் ரூமை மறக்க வேண்டும் என்ற எண்ணமும் எனக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. அன்று பட்டாசலில் வந்த தூக்கத்தை நான் வீட்டின் கணக்கில் எழுதிவிட்டேன். உண்மையில் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத ஒரு மத்தியானத்துக்கு அது வந்திருக்க வேண்டும். மகள் 2027-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறவரை சென்னைதான் என்று மனைவியிடம் சொன்னேன். "அப்புறம் பேசலாம்" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டேன்.

ஆனால் வீட்டை அப்படியே விட மனம் வரவில்லை. வேலை இல்லாதபோது கையில் இருக்கிற காசை ஒழுகுகிற ஓட்டில் போடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. தவறான கேள்வி இல்லை. ஆறு மாதத் தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் தனியாக வைத்துவிட்டு, பணிக்கொடையில் கைவைத்தேன். அக்காவிடம் கேட்கவேயில்லை. அவளாகவே பாதி தருவேன் என்றாள். "பங்கு இருக்குல்லா, அப்பம் செலவுலயும் இருக்கு" என்று சொல்லிப் பணம் அனுப்பினாள்.

ஜூலையில் வேலை தொடங்கியது. ஆசாரிக்கு எழுபது வயது இருக்கும். ஓட்டையெல்லாம் இறக்கிய பிறகு, அவர் மேலே ஏறி ஒவ்வொரு பனங்கையாக உளியின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். வைரம் பாய்ந்த கட்டை கணீரென்று சொன்னது. கரையான் அரித்த கட்டை வெளியே பார்க்க அப்படியேதான் இருந்தது, தட்டினால் பொத்தென்றது. பொத்தென்ற கட்டையில் எல்லாம் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். மொத்தம் ஒன்பது. மீதிக்கட்டைகளைக் காட்டி, "இதெல்லாம் ஒங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்றார். அறுநூறு ஓடு புதிது. முகட்டு ஓடுகளைப் பெயர்த்து மறுபடி சுண்ணாம்புச் சாந்தில் உட்கார வைத்தார்கள். தொழுவத்தை எடுத்துக் கட்டவில்லை. மாடே இல்லாத வீட்டில் தொழுவம் எதற்கு? அந்த இடத்தின் கல்லை வைத்து ரெண்டாங்கட்டை ஒட்டி, வீட்டுக்குள்ளிருந்தே போகிற மாதிரி ஒரு கக்கூசும் குளியலறையும் கட்டினோம். எல்லாம் சேர்த்து 2,60,000 ஆனது. என் பங்கு 1,30,000.

ஆகஸ்டில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. சின்னக் கம்பெனி. பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. முதல்நாள் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அந்தச் சிவப்பு நோட்டை நான் சென்னைக்கே எடுத்து வந்துவிட்டேன். அலமாரியில் எங்கள் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

2024 டிசம்பர் 13. மறுபடியும் நெல்லை, தென்காசிப் பக்கம் பேய் மழை. ஆற்றில் வெள்ளம் என்று காலையிலிருந்து டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆபீசில் வேலை ஓடவில்லை. மத்தியானம் ஆச்சியே கூப்பிட்டார்.

"எய்யா, பட்டாசலுல ஒரு சொட்டு கெடயாது. தார்சாவும் காஞ்சு கெடக்கு. அடுக்களையில மட்டும் ஓரமா ரெண்டு எடத்துல சொட்டுது. சட்டி வச்சிருக்கேன்."

"ஓடு நகர்ந்திருக்கும் ஆச்சி."

"கொரங்கு ஏறி நகட்டிருக்கும். மழ வெறிச்சதும் ஆசாரிய வரச் சொல்லட்டா?"

"சொல்லுங்க. ரூவாய அனுப்பி வைக்கேன்."

ஆசாரி மூன்றாம் நாள் வந்து பார்த்துவிட்டு, நாலு ஓடு மாற்றிப் போட்டதாகச் சொன்னார். அன்று ராத்திரி சிவப்பு நோட்டை எடுத்து, தாத்தா விட்ட இடத்துக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வலது பக்கம் ஓடு, ஆசாரி கூலி, ரூ. 1,150 என்று எழுதினேன். இடது பக்கம் எழுதினேன்: சென்னை வரவு ரூ. 1,150.